கேஷுவல்ட்டி என்றால் இறந்தவர் மட்டுமல்ல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வெளிநாட்டு வேலைக்காக ஐஇஎல்டிஎஸ், ஓஇடி என்ற ஆங்கிலத் தேர்வுகளை எழுதும் செவிலியர்களும் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளும் நம் குமரி மாவட்டத்தில் ஏராளம். அவர்களில் பலர் ஆங்கிலச் சொல்வளத்துக்காக இப்போது நேட்டோ, உக்ரைன், மேற்காசியச் செய்திகளைப் படிக்கிறார்கள். நல்ல வழிதான். ஒரு சொல் மனதில் தங்க வேண்டுமானால் அதை வேறு வேறு வாக்கியங்களில் பலமுறை பார்க்க வேண்டும். மாதக்கணக்கில் நீளும் ஒரு மோதலின் செய்தியில் அதே சொற்கள் தினமும் வருகின்றன. ஆனால் சொல்லை இடப்பக்கமும் ஒற்றைத் தமிழ்ப் பொருளை வலப்பக்கமும் எழுதி உருப்போடுகிறார்களே, அங்கேதான் கெடுகிறது.

‘ஐம்பது கேஷுவல்ட்டீஸ்’ என்று ஆங்கிலத்தில் வந்தால் ‘ஐம்பது பேர் பலி’ என்று மாணவர்கள் எழுதிவிடுகிறார்கள். தமிழ் நாளிதழ்களிலும் இந்தத் தவறு வருவதுண்டு. இறந்தவர், காயம்பட்டவர் எல்லோரும் சேர்ந்த கணக்கு அது. படைக் கணக்கில் காணாமல் போனவரும் எதிரியிடம் பிடிபட்டவரும்கூட அதில் அடங்குவர். அரசு மருத்துவமனையில் கேஷுவல்ட்டி என்ற பலகையைப் பார்க்காதவர் யார்? உயிரைக் காப்பாற்றத்தானே அங்கே ஓடுகிறோம். இறந்தவர் எண்ணிக்கையை மட்டும் சொல்ல டெத் டோல் என்ற தனிச்சொல் இருக்கிறது. இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதிவைத்தால் குழப்பம் வராது.

சாங்ஷன் இன்னொரு பொறி. வங்கியில் லோன் சாங்ஷன் ஆனால் அனுமதி. ரஷ்யா மீது சாங்ஷன்ஸ் என்றால் தடை. செய்தியில் தடை என்ற பொருளில் அது பெரும்பாலும் பன்மையில், பின்னால் ‘ஆன்’ சேர்ந்து வரும். கூடவே இம்போஸ், ஈஸ், லிஃப்ட் என்ற வினைகளில் ஒன்று நிற்கும்: விதிப்பது, தளர்த்துவது, நீக்குவது. ஆகவே ‘இம்போஸ் சாங்ஷன்ஸ் ஆன்’ என்று துண்டாகவே நோட்டில் ஏற்ற வேண்டும். தனிச்சொல்லாக எழுதினால் தேர்வில் வாக்கியம் அமைக்கும்போது கை நின்றுவிடும்.

தமிழில் எல்லாவற்றையும் ‘போர் நிறுத்தம்’ என்று முடித்துவிடுகிறோம். ஆங்கிலத்தில் அது ஒரு படிக்கட்டு. உதவிப் பொருள்கள் உள்ளே போகச் சில மணி நேரமோ சில நாளோ சண்டையை நிறுத்திவைப்பது பாஸ் (pause). திருநாள் போன்ற காரணத்துக்காகக் குறுகிய காலம் ஒத்துக்கொள்வதை ட்ரூஸ் என்பார்கள். சீஸ்ஃபயர் என்பது நிபந்தனைகளோடு துப்பாக்கியை நிறுத்துவது. தகராறு தீர்ந்துவிட்டது என்று அதற்குப் பொருள் இல்லை. ஆர்மிஸ்டிஸ் அதைவிட முறையான படை ஒப்பந்தம். கொரியாவில் 1953 ஜூலை 27 அன்று கையெழுத்தானது அதுதான். அதற்கு மேல்படியான பீஸ் ட்ரீட்டி அங்கே இன்றுவரை வரவில்லை. இந்த ஒரு எடுத்துக்காட்டைப் பிடித்துக்கொண்டால் படிகளின் வேறுபாடு மறக்காது. சீஸ்ஃபயரோடு வரும் வினைகளையும் சேர்த்துப் படிக்க வேண்டும்: ப்ரோக்கர், ஹோல்ட் (நிலைத்திருப்பது), வயலேட் (மீறுவது), கொலாப்ஸ் (முறிவது). நம் ஊரில் ப்ரோக்கர் என்றால் நிலம் பார்த்துத் தருபவர், கல்யாணம் முடித்துவைப்பவர். செய்தியில் அது வினைச்சொல். இரு தரப்பையும் பேசிச் சேர்த்துவைப்பது.

கூட்டணிச் சொற்களிலும் இந்தக் கவனம் வேண்டும். அலையன்ஸ் என்றால் ஒப்பந்தக் கடமை உண்டு. கொயலிஷன் ஒரு காரியத்துக்காகச் சேர்வது. காரியம் முடிந்தால் கலையும். இந்தியா, அமெரிக்கா, ஜப்பான், ஆஸ்திரேலியா சேர்ந்த குவாட் படைக் கூட்டணி அல்ல; அதற்கு அலையன்ஸ் என்று கட்டுரையில் எழுதினால் தவறு. நேட்டோ 1949 ஏப்ரல் 4 அன்று 12 நாடுகளோடு தொடங்கியது. 2023-இல் பின்லாந்தும் 2024-இல் சுவீடனும் சேர்ந்து 32 ஆயிற்று. அதன் ஒப்பந்தத்தில் மொத்தமே 14 பிரிவுகள். பிளஸ் டூ மாணவர் ஒரே மூச்சில் படித்துவிடலாம். ஐந்தாம் பிரிவை மூலத்திலேயே படிக்கும்படி ஆசிரியர்கள் சொல்ல வேண்டும். ஒருவர் மீதான தாக்குதல் எல்லோர் மீதுமான தாக்குதல் என்பதோடு பலர் நிறுத்திக்கொள்கிறார்கள். ஒவ்வொரு நாடும் தான் தேவையென்று கருதும் நடவடிக்கையை எடுக்கும் என்றும் அங்கே இருக்கிறது. அந்த இடத்தில் நிற்கும் வினை ‘டீம்’ (deem), அதாவது கருதுவது. அது புரிந்தால், 32 நாடுகளும் உடனே போரில் குதித்தாக வேண்டும் என்ற தப்பெண்ணம் போய்விடும். அந்தப் பிரிவு இதுவரை ஒரே முறைதான் நடைமுறைக்கு வந்தது, 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு.

உச்சரிப்பில் இரண்டைச் சொல்கிறோம். நட்பு நாடு என்ற பொருள் தரும் ‘ஆலை’ (ally) என்ற ஆங்கிலச் சொல், ‘ஐ’ ஒலியில் முடிய வேண்டும். ‘ஆலி’ என்று சொன்னால் அது சந்து. படைப்பிரிவைக் குறிக்கும் கோர் (corps) என்ற சொல்லில் கடைசி ‘பி’யும் ‘எஸ்’ஸும் ஒலிக்கா. எழுத்தைப் பார்த்துக் ‘கார்ப்ஸ்’ என்று வாசித்தால் பிணம் என்றாகிவிடும்.

சொற்களைத் தலைப்பிலிருந்து எடுக்க வேண்டாம். முடிந்துபோன நிகழ்ச்சியைத் தலைப்பு நிகழ்காலத்தில் சொல்லும், வருங்காலத்துக்கு வெறும் ‘டு’ போடும், ஏ, ஆன், தி என்ற ஆர்ட்டிகிளை விழுங்கிவிடும். அந்த இலக்கணம் கட்டுரையில் நுழைந்தால் மதிப்பெண் குறையும். செய்தியின் இரண்டாவது, மூன்றாவது பத்திகளே சொல் எடுக்க ஏற்றவை. அங்கே செட் (said, சொன்னார்), க்ளெய்ம்ட் (கூறிக்கொண்டார்), அலெஜ்ட் (குற்றம்சாட்டினார்), கன்ஃபர்ம்ட் (உறுதிசெய்தார்) என்ற நான்கையும் கட்டாயம் பார்க்க வேண்டும். ‘க்ளெய்ம்ட்’ என்று எழுதும் செய்தியாளர் அந்தத் தகவலுக்குத் தாம் பொறுப்பேற்கவில்லை. அதை ‘தெரிவித்தார்’ என்று மொழிபெயர்ப்பவர், ஒரு தரப்பின் கூற்றை உண்மையாக்கிவிடுகிறார்.

முறை எளிது. முதலில் தமிழ் நாளிதழில் செய்தியைப் படிக்க வேண்டும். நிகழ்ச்சி தெரிந்துவிட்டால் ஆங்கிலத்தில் பாதிச் சொற்களை ஊகித்துவிடலாம். பிறகு அதே செய்தியை ஆங்கிலத்தில், பத்தி முடியும் வரை அகராதியைத் தொடாமல் படிக்க வேண்டும். நாளுக்கு ஐந்து சொல் போதும், இருபது எழுதினால் ஒன்றும் நிற்காது. நோட்டுப் பக்கத்தை மூன்றாக மடித்து, சொல் வந்த முழு வாக்கியம், அதோடு சேர்ந்து வந்த வினை அல்லது இடைச்சொல், அந்த இடத்துக்குப் பொருந்தும் தமிழ் என்று எழுத வேண்டும். மூன்றாம் நாளும் ஏழாம் நாளும் தமிழை மட்டும் திறந்து வைத்து வாக்கியத்தைச் சொல்லிப் பார்க்க வேண்டும்.

எழுதிப் பழக வெளிநாட்டுக்குப் போக வேண்டியதில்லை. 1741 குளச்சல் போர் நமக்குத் தெரிந்த கதை. டச்சுக் கம்பெனிப் படை, மார்த்தாண்ட வர்மா, சிறைபிடிக்கப்பட்ட டச்சுத் தளபதி டிலனாய், அவர் பின்னாளில் திருவிதாங்கூர் படையைப் பயிற்றுவித்தது, உதயகிரிக் கோட்டையில் இருக்கும் அவர் கல்லறை. இதைப் பத்து வாக்கியமாக எழுதினால் லேண்ட் (கரையிறங்குவது), காரிசன் (கோட்டைக் காவல்படை), சரெண்டர் (சரணடைவது), கேப்டிவ் (சிறைப்பட்டவர்) எல்லாம் தாமாக வந்து உட்காரும்.

இது தேர்வோடு முடியும் காரியமும் அல்ல. வளைகுடாவில் மீன்பிடிக்கவும் வேலைக்கும் போனவர்கள் குளச்சல், முட்டம், தூத்தூர் வீடுகளில் எத்தனை பேர்! அங்கே பதற்றம் வந்தால் இந்தியத் தூதரகத்தின் அட்வைசரி, அதாவது அறிவுரைக் குறிப்பு, முதலில் ஆங்கிலத்தில்தான் கைப்பேசிக்கு வருகிறது. ‘எச்சரிக்கையாக இருங்கள்’ என்பதற்கும் ‘அவசியமற்ற பயணத்தைத் தவிருங்கள்’ என்பதற்கும் ‘கிடைக்கும் வழியில் வெளியேறுங்கள்’ என்பதற்கும் எவ்வளவோ தூரம். 2022-இல் உக்ரைனிலிருந்து ஆபரேஷன் கங்கா, 2025-இல் ஈரானிலிருந்து ஆபரேஷன் சிந்து என்று நம்மவரை மீட்டுவந்தபோது இவாக்குவேஷன் (வெளியேற்றம்), ஏர்ஸ்பேஸ் (வான்வெளி), ஸ்ட்ராண்டட் (வழியின்றிச் சிக்கிய) என்ற சொற்களை வீட்டில் ஒருவராவது சரியாகப் படித்தாக வேண்டியிருந்தது.

ஆகவே ஒரு வேண்டுகோள். சனிக்கிழமைதோறும் உலகச் செய்திகள் பக்கத்தின் மூலையில் ஐந்து ஆங்கிலச் சொற்களுக்கு ஒரு சிறு கட்டம் ஒதுக்குங்கள். ஒவ்வொன்றுக்கும் முழு வாக்கியம், உச்சரிப்பு, சேர்ந்து வரும் வினை இருக்கட்டும். அந்த வாரம் உங்கள் பக்கத்தில் தமிழில் வந்த செய்தியிலிருந்தே அந்தச் சொற்களை எடுங்கள். கேஷுவல்ட்டியிலிருந்து தொடங்கினால் நல்லது.

இப்படிக்கு,
ஆங்கில ஆசிரியர்கள் சிலர்,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்.