அந்த லிஸ்டைப் பார்த்தேன்

பெரம்பூர்

அன்புள்ள கார்த்தி,

நீ வாட்ஸப்பில் அனுப்பிய கம்ப்யூட்டர் பார்ட்ஸ் லிஸ்ட் வந்தது. மேலே கீழே ஒரு வரி இல்லை, வெறும் லிஸ்ட். கூடவே ஒரு பிராண்டட் கேமிங் பிசியின் படம், மாதம் இவ்வளவு என்று ஈஎம்ஐ கணக்கு. இரண்டில் எது என்று கேட்கிறாய் என நானாக எடுத்துக்கொண்டேன். போனில் சொன்னால் பாதியில் 'அப்புறம் கூப்பிடறேம்ப்பா' என்பாய், அதனால் எழுதுகிறேன். சாப்பிட்டாயா என்று உன் அம்மா கேட்கச் சொன்னாள். கேட்டாயிற்று.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பார்ட்ஸ் வாங்கி அசெம்பிள் செய். எல்லாவற்றையும் ஒரே நாளில் வாங்காதே. ஈஎம்ஐ போடாதே.

'நோ காஸ்ட்' என்றுதான் போட்டிருக்கும். வட்டியைத் தள்ளுபடியாகக் கழித்துக் காட்டுவார்கள். ஆனால் அந்த வட்டிக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி உன் கார்டு பில்லில் வரும், பிராசசிங் கட்டணமும் சேரும். அது சின்னத் தொகைதான். மாதாமாதம் தேதி தவறாமல் பணம் வந்தாக வேண்டும் என்பதுதான் பெரிய விஷயம். உனக்கு வருகிறது, இல்லை என்று சொல்லவில்லை. இருந்தாலும் எழுதி வைக்கிறேன்.

பிராண்டட் பெட்டியில் என்ன தப்பு என்றால், வெளியே பெரிய எழுத்தில் பிராசசர் பெயரும் கிராபிக்ஸ் கார்டு பெயரும் இருக்கும், மற்றது எதுவும் இருக்காது. பவர் சப்ளை யார் தயாரிப்பு, எத்தனை வாட் என்று கேட்டால் பதில் வராது. ரேம் 16 ஜிபி என்பார்கள், திறந்து பார்த்தால் ஒரே குச்சி. இரண்டு குச்சியாக இருந்தால்தான் இரண்டு சேனலும் வேலை செய்யும், ஒற்றைக் குச்சியில் கேம் இடையிடையே திக்கும். சில கம்பெனிகள் தங்களுக்கென்றே தனி அளவில் மதர்போர்டும் பவர் சப்ளையும் செய்கிறார்கள். வாரண்டி முடிந்து ஒன்று போனால் கடையில் வாங்கிப் போட முடியாது, பெட்டியோடு தூக்க வேண்டியதுதான். அசெம்பிள்டு சிஸ்டத்தில் எது போனதோ அதை மட்டும் மாற்றலாம்.

நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். 2025 கடைசியிலிருந்து ரேம் விலை ஏறிக் கிடக்கிறது. ஏஐ டேட்டா சென்டர்களுக்கே தயாரிப்பெல்லாம் போகிறது. குருஷியல் என்ற பெயரில் கடையில் விற்பதையே நிறுத்துவதாக ரேம் தயாரிக்கும் மைக்ரான் 2025 டிசம்பரில் அறிவித்துவிட்டது. அதனால் பழைய விலை ஸ்டாக்கில் இருக்கும் பிராண்டட் பெட்டி சில சமயம் மலிவாக விழலாம். அந்தப் பெட்டியில் என்னென்ன இருக்கிறதோ அதே பார்ட்ஸைத் தனித்தனியாக விலை கேட்டுக் கூட்டிப் பார். பெட்டி குறைவாக இருந்து, பவர் சப்ளை மாடல், மதர்போர்டு மாடல், ரேம் எத்தனை குச்சி என்ற மூன்றையும் எழுத்தில் கொடுத்தால் யோசிக்கலாம். கொடுக்க மாட்டார்கள். லேப்டாப் பேச்சே வேண்டாம். கார்டு பெயர் ஒன்றாக இருந்தாலும் லேப்டாப்பில் அதற்கு எத்தனை வாட் கொடுப்பது என்பது கம்பெனி இஷ்டம்.

இனி உன் லிஸ்ட். எஸ்எஸ்டி 1 டிபி என்விஎம்இ, சரி. பி650 மதர்போர்டு, சரி. முன்பக்கம் வலை வைத்த கேபினட் எடுத்திருக்கிறாய், கண்ணாடி முகப்பைப் பார்த்து மயங்கவில்லை. பார்த்ததும் சந்தோஷமாக இருந்தது. ஆனால் பிராசசர் ரைசன் 7 9800எக்ஸ்3டி, கிராபிக்ஸ் கார்டு ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ 8 ஜிபி, மானிட்டர் 27 அங்குலம், 1440பி என்ற கூர்மையான திரை. இது தலைகீழ். 1440பி-யில் வேலை முழுக்கக் கார்டுக்குத்தான், பிராசசர் சும்மா காத்திருக்கும். ரைசன் 5 7600 போதும். அது போர்டில் உட்காரும் ஏஎம்5 சாக்கெட்டுக்கு 2027 தாண்டியும் ஆதரவு உண்டு என்று ஏஎம்டி சொல்லியிருக்கிறது. நாலு வருஷம் கழித்து அதே போர்டில் பெரிய பிராசசர் போட்டுக்கொள்ளலாம், போர்டின் அடிப்படை மென்பொருளான பயாஸை மட்டும் அப்டேட் செய்ய வேண்டியிருக்கும். கார்டும் 5060 டிஐ என்ற ஒரே பெயரில் 8 ஜிபி மெமரி, 16 ஜிபி மெமரி என்று இரண்டு வருகிறது. உன் மானிட்டருக்கு 16 ஜிபிதான். பெட்டியில் எண்ணைப் பார்க்காமல் பில் போடச் சொல்லாதே.

7600-ஐச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அதற்குள்ளேயே சின்ன கிராபிக்ஸ் இருக்கிறது. தனி கார்டு இல்லாமலே மானிட்டரில் படம் வரும். டைப் அடிக்கலாம், மீட்டிங் பேசலாம், பழைய கேம்களும் ஓடும். ஆகவே இப்போது பிராசசர், போர்டு, ரேம், எஸ்எஸ்டி, பவர் சப்ளை, கேபினட் மட்டும் வாங்கு. கார்டை ஆறு மாதம் கழித்து வாங்கினால் ஒன்றும் குடி முழுகாது. கையில் இருப்பது கையிலேயே இருக்கும். பிராண்டட் பெட்டியில் இப்படிப் பாதியில் நிறுத்த முடியாது. கடைக்காரர் 7500எஃப் விலை குறைவு என்று காட்டுவார். எஃப் என்று முடிந்தால் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது, கார்டு இல்லாமல் திரை கருப்பாகத்தான் இருக்கும். இன்டெலிலும் அப்படித்தான். வாங்கிவிடாதே.

செகண்ட் ஹேண்ட் கார்டு என்று யாராவது சொன்னால், 2022 செப்டம்பரில் எதீரியம் என்ற கிரிப்டோ நாணயத்துக்கான மைனிங் நின்றதும் இரவு பகலாக ஓடிய கார்டுகள் எல்லாம் சந்தைக்கு வந்தன என்பதை நினைவில் வை. சூட்டைக் கடத்தும் தெர்மல் பேட் காய்ந்திருக்கும், ஃபேன் பேரிங் கரகரக்கும். அரை மணி நேரம் முழு லோடில் ஓட்டிக் காட்டாவிட்டால் திரும்பி நட.

ரேம் டிடிஆர்5 வகை, 6000 வேகம், 8 ஜிபி இரண்டு குச்சி, ஒரே பெட்டியில் ஜோடியாக வருவது. பிறகு 32 வேண்டுமென்றால் இதை விற்றுவிட்டு 16 இரண்டு வாங்கு. இன்னும் இரண்டைச் சேர்த்து நான்காகப் போட்டால் இந்த பிளாட்பாரத்தில் வேகம் இறங்கிவிடும், சில சமயம் சிஸ்டம் ஆன் ஆகவே ஆகாது.

பவர் சப்ளைக்கு நீ போட்டிருக்கும் பெயரை நான் கேள்விப்பட்டதே இல்லை. அதில் மட்டும் கை வைக்காதே கார்த்தி. அது போனால் தனியாகப் போகாது, போர்டையும் கார்டையும் சேர்த்துக்கொண்டு போகும். 650 வாட், 80 பிளஸ் என்ற மின்சிக்கன முத்திரையில் வெண்கலத்துக்கு (Bronze) குறையாமல், ஐந்து வருஷ வாரண்டிக்கு மேல் இருப்பதாகப் பார். 5060 டிஐ 180 வாட், 7600 பெட்டியில் 65 வாட் என்று இருந்தாலும் 88 வரை இழுக்கும், மற்றதெல்லாம் சேர்த்து 350-க்குள் அடங்கும். 650 தாராளம். 850 என்று தலையில் கட்டுவார்கள், வேண்டாம்.

யுபிஎஸ் இல்லாமல் ஓட்டாதே. 600 விஏ என்று எழுதியிருப்பது பெரும்பாலும் 360 வாட்தான். கார்டு வந்தபிறகு மானிட்டரையும் சேர்த்தால் கேம் நடுவில் கரண்ட் போகும்போது ஓவர்லோடு என்று கத்திவிட்டு அணைந்துவிடும். 1000 விஏ எடு. உன் ரூமில் இருக்கும் இன்வெர்ட்டரை நம்பாதே, அது மாறுவதற்குள் கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகிவிடும். அதில் யுபிஎஸ் மோடு ஸ்விட்ச் இருந்தால் வேறு விஷயம், அப்போதும் ஈபி கரண்ட் மாதிரிச் சீராக வரும் சைன் வேவா என்று பார். பெரியப்பா வீட்டு ஸ்குயர் வேவ் கதை உனக்கே தெரியும்.

அதற்கும் முன்னால் எர்த். அந்த பில்டிங் வயரிங் பழசு. மல்டிமீட்டர் வைத்துப் பார்: பேஸுக்கும் நியூட்ரலுக்கும் 230 பக்கம், பேஸுக்கும் எர்த்துக்கும் கிட்டத்தட்ட அதே, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இரண்டு மூன்று வோல்டுக்குள். இல்லையென்றால் கேபினட்டைத் தொட்டால் சுர்ரென்று இருக்கும். இரண்டு பின் அடாப்டர் போட்டுச் சமாளிக்காதே, ஹவுஸ் ஓனரிடம் சொல்லி எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடு. ஓனர் யூனிட் கணக்குக் கேட்பார், அதையும் தெரிந்து வைத்துக்கொள்: 350 வாட் இழுக்கும் மெஷின் தினம் 4 மணி நேரம் ஓடினால் 1.4 யூனிட், ஈபியின் இரண்டு மாதக் கணக்கில் 84 யூனிட். நாள் முழுக்க வீட்டிலேயே இருந்து ஓட்டினால் அதற்கு மேல்.

லிஸ்டில் வெப்கேம் இருக்கிறது, எம்எஸ் ஆபீஸும் இருக்கிறது. வெப்கேம் எதற்கு என்று புரியவில்லை. ஆபீஸ் லேப்டாப்பில் கேமரா இருக்கிறதே. உன் சௌகரியம், நான் கேட்கவில்லை. விண்டோஸ் 11-ல் ஆண்ட்ராய்டு போனையே கேமராவாக இணைக்கலாம், யாரிடம் பேசுவதாக இருந்தாலும் அது போதும். அந்தக் காசு யுபிஎஸ்ஸுக்கு ஆகும்.

எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் இருக்கும் ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை போகாதே, பாதிக்கு மேல் ஷட்டர் இறங்கியிருக்கும். திருவான்மியூரில் பறக்கும் ரயில் ஏறினால் சிந்தாதிரிப்பேட்டையில் இறங்கி நடந்துவிடலாம். மூன்று நாலு கடையில் எழுதி வாங்கு, ஆனால் பிராசசர், போர்டு, ரேம் மூன்றையும் ஒரே கடையில் எடு. இல்லாவிட்டால் பூட் ஆகாதபோது ஒருவர் இன்னொருவரைக் கை காட்டுவார். ஜிஎஸ்டி பில்லில் ஒவ்வொரு பார்ட்டின் சீரியல் நம்பரும் இருக்க வேண்டும். 'பில் இல்லாமன்னா கொறச்சுத் தரேன் சார்' என்பார்கள், அந்தக் குறைவு உன் வாரண்டியின் விலை. போர்டு பெட்டியைக் கடையிலேயே திறந்து, சாக்கெட் மூடியைத் தூக்கி, போன் டார்ச்சில் பின் எல்லாம் வரிசையாக நிற்கிறதா என்று பார். ஏஎம்5-ல் பின் இருப்பது போர்டில், ஒன்று வளைந்தாலும் வாரண்டி கிடையாது. அந்தக் கருப்பு மூடியைத் தூக்கிப் போடாதே, சர்வீஸுக்குக் கொடுக்கும்போது கேட்பார்கள்.

மாட்டுவது ஒரு மதியம் பிடிக்கும். கேபினட்டுக்குள் போடும் முன் போர்டு பெட்டியின் மேலேயே வைத்து ஓட்டிப் பார். பிராசசரின் முக்கோணக் குறியும் சாக்கெட்டின் குறியும் சேர வேண்டும், அழுத்தாதே, தானாக உட்காரும். லீவரை இறக்கும்போது மட்டும் நறநறவென்று சத்தம் வரும், பயப்படாதே. பிராசசரோடு கூட வரும் கூலரின் அடியில் சூட்டைக் கடத்தும் பேஸ்ட் தடவியே இருக்கும், மேலே இன்னும் தடவாதே. போர்டில் உள்ள இரண்டு பிளாஸ்டிக் பிராக்கெட்டைக் கழற்றிவிட்டு, நான்கு ஸ்க்ரூவையும் குறுக்கு மூலையாக மாற்றி மாற்றி, கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கு. கூலர் ஃபேன் வயரை மறக்காதே. ரேம் பிராசசரிலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டில். 24 பின் ஒன்று, மேல் மூலையில் பிராசசருக்கு 8 பின் ஒன்று. கார்டுக்கு வரும் 8 பின் பார்க்க இதே மாதிரி இருக்கும், கேபிளின் மேல் எழுதியிருப்பதைப் படி.

முதல் முறை ஆன் செய்ததும் சில நிமிஷம் திரை கருப்பாகவே இருக்கும். போர்டு டிடிஆர்5 ரேமைப் பழக்கிக்கொண்டிருக்கும், ரேமைக் குறிக்கும் டிராம் விளக்கு அதில் எரியும். இங்கேதான் எல்லோரும் பதறி ஆஃப் செய்து, போர்டு போச்சு என்று கடைக்கு ஓடுகிறார்கள். பத்து நிமிஷம் காத்திரு. அப்போதும் அந்த விளக்கே எரிந்தால் ஒரு குச்சியைக் கழற்றிவிட்டுப் பார். படம் வந்ததும் பயாஸில் ரேமை முழு வேகத்தில் ஓட்டும் எக்ஸ்போ செட்டிங்கை ஆன் செய், இல்லாவிட்டால் 6000-க்குக் காசு கொடுத்துவிட்டு 4800-ல் ஓட்டிக்கொண்டிருப்பாய். விண்டோஸில் மானிட்டர் ஹெர்ட்ஸை, அதாவது நொடிக்கு எத்தனை முறை படம் புதுப்பிக்க வேண்டும் என்பதை, மாற்று, இல்லாவிட்டால் 60-லேயே நிற்கும். பிறகு கார்டு வாங்கும் நாளில் மானிட்டர் கேபிளை போர்டிலிருந்து கார்டுக்கு மாற்ற வேண்டும்.

கேபினட்டுக்குள் ஏற்றும்போது போர்டுக்கு அடியில் ஓட்டைக்கு ஓட்டை ஸ்டாண்ட் ஆஃப் என்ற சின்னத் தாங்குகால் இருக்கிறதா என்று எண்ணு. ஓட்டை இல்லாத இடத்தில் ஒன்று நின்றாலும் ஷார்ட். முன்னால் இரண்டு ஃபேன் உள்ளே இழுக்க, பின்னால் ஒன்று வெளியே தள்ள.

கொட்டிவாக்கத்தில் கடல் காற்று, அதனால் ஜன்னல் ஓரம் வைக்காதே, உப்பு கனெக்டர்களில் பச்சை பூக்கும். தரையிலும் வேண்டாம். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் தரைத்தள வீடுகளில் தண்ணீர் எப்படி ஏறியது என்று நீ பார்த்தவன்தான். மழைக்காலத்தில் பல நாள் அணைத்தே வைக்காமல் அவ்வப்போது ஓட விடு. மாதம் ஒரு முறை ஃபில்டரைத் தட்டு, புளோயர் அடிக்கும்போது ஃபேன் சுழலாமல் விரலால் பிடித்துக்கொள்.

பொங்கலுக்கும் வரவில்லை. பெரம்பூருக்கும் கொட்டிவாக்கத்துக்கும் நடுவில் என்ன, கடலா இருக்கிறது? பார்ட்ஸை வாங்கிக்கொண்டு நேராக இங்கே வா. காந்த முனை ஸ்க்ரூடிரைவர், மீட்டர், பெரிய மேஜை எல்லாம் இங்கே இருக்கிறது. சனி ஞாயிறுதான் என்றில்லை, வார நாளானாலும் வா. லீவு எப்படிக் கிடைத்தது என்று யாரும் கேட்க மாட்டோம், அம்மாவிடமும் சொல்லி வைத்திருக்கிறேன்.

கார்டை நான் வாங்கித் தருகிறேன் என்றால் உனக்குக் கோபம் வரும். அதனால் பவர் சப்ளையும் யுபிஎஸ்ஸும் மட்டும் என் கணக்கு. தெரிந்த கடையில் சொல்லிவிட்டேன், பில் உன் பெயரில்தான் போடுவார்கள், வாரண்டி உனக்கே இருக்கட்டும். மற்றதற்குக் கையில் எவ்வளவு இருக்கிறது என்று ஒரு வரி அனுப்பு. ரேம் விலை வாரத்துக்கு வாரம் மாறுகிறது, வியாழனுக்குள் அனுப்பினால் நல்லது. ஈஎம்ஐ மட்டும் வேண்டாம்.

அன்புடன்,
அப்பா