கோடையில் படுத்துக் கெடும் ட்ரோன் பேட்டரிகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மன்னார்குடியில் இன்வெர்ட்டர், பேட்டரி கடை வைத்திருக்கிறேன். டிராக்டர் பேட்டரி, லாரி பேட்டரி, வீட்டு இன்வெர்ட்டர் என்றுதான் பிழைப்பு ஓடுகிறது. சில வருடங்களாக இவற்றோடு மருந்தடிக்கும் ட்ரோன்களின் பேட்டரிகளும் கடைக்கு வருகின்றன. உங்கள் நாளிதழின் விவசாயப் பக்கத்தை விடாமல் படிப்பவன் நான். ட்ரோனுக்கு மானியம் எவ்வளவு, ஒரு ஏக்கருக்கு எத்தனை நிமிடம், கூலி எவ்வளவு மிச்சம் என்றெல்லாம் செய்தி வருகிறது. வேலை இல்லாத மாதங்களில் அதன் பேட்டரியை எப்படி வைப்பது என்பது மட்டும் என் கண்ணில் படவில்லை. என்னிடம் வருகிறவற்றில் பறந்து கெட்டதைவிடப் படுத்துக் கெட்டதுதான் அதிகம். அதனால் எழுதுகிறேன்.

டெல்டாவில் ட்ரோனுக்கு வேலை கொடுக்கும் மாதங்கள் கொஞ்சம்தான். குறுவைக்கு ஆடி, ஆவணி. சம்பா, தாளடிக்கு ஐப்பசியில் தொடங்கி தை வரை, அதுவும் மழை விட்டுக் கொடுக்கும் நாட்களில். அறுப்பு முடிந்த வயலில் உளுந்து, பயறு பூக்கும்போது டிஏபி உரக் கரைசல் தெளிக்க மாசியில் கொஞ்சம் ஓடும். பங்குனி பிறந்தால் பெட்டியை மூடிவிடுவார்கள். மேட்டூரை வழக்கப்படி ஜூன் 12-ல் திறந்தாலும், தண்ணீர் வந்து, நட்டு, பயிர் தேறி மருந்தடிக்கும் பக்குவம் வர ஆடி ஆகிவிடும். 2024-ல் அணையில் தண்ணீர் இல்லாமல் ஜூலைக் கடைசியில்தான் திறந்தார்கள். அந்த வருடம் பெட்டிகள் இன்னும் கூடுதலாகக் கிடந்தன. ஆக, பேட்டரி சும்மா கிடக்கும் காலமும் கத்திரி வெயிலும் நம் ஊரில் ஒன்றாக வந்து சேர்கின்றன. ட்ரோனில் இருக்கும் லித்தியம் பேட்டரிக்கு இதைவிடக் கெட்ட ஜோடிப் பொருத்தம் கிடையாது.

போன ஆனியில் ஒரு மகளிர் குழுவிலிருந்து இரண்டு பேர் பேட்டரிப் பெட்டியோடு வந்தார்கள். வெளியே எடுத்து மேசைமேல் வைத்ததும் பேட்டரி ஆடியது. அடிப்பக்கம் தட்டையாக இல்லை, வயிறு தள்ளியிருந்தது. மேலே சுற்றியிருந்த உறை ஒரு ஓரத்தில் விரிந்து, அங்கிருந்து தின்னர் வாசனை, லேசான இனிப்பு கலந்து வந்தது. அந்த வாசனை வந்தால் பேட்டரிக்குள் அடுக்கியிருக்கும் சிறு செல்களில் ஒன்றின் பை எங்கோ விட்டிருக்கிறது என்று பொருள். தனித்தனிச் செல்லைப் பார்க்கும் சிறு மீட்டரைச் செருகினேன். ஆறு செல்லில் ஐந்து 4.1 வோல்ட்டுக்கு மேல் நின்றன. ஒன்று மட்டும் 3.4-ல் தொங்கியது. “நல்லா ஃபுல் சார்ஜ் போட்டுத்தாண்ணே வச்சோம். வெயில் படாம மோட்டார் கொட்டகைக்குள்ளதான் இருந்துச்சு. எப்படிண்ணே உப்பும்?” என்று அந்தத் தங்கச்சி கேட்டது. ஃபுல் சார்ஜ் போட்டதும், தகரம் போட்ட மோட்டார் கொட்டகையும்தான் காரணம் என்று சொன்னபோது இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அவர்கள்மேல் தப்பே கிடையாது. டிராக்டர் பேட்டரியும் இன்வெர்ட்டர் பேட்டரியும் ஈய அமில வகை. அவற்றைக் காலியாகப் போட்டு வைத்தால் தகட்டில் சல்ஃபேட் படிந்து செத்துவிடும். முழு சார்ஜில் வைத்து, அவ்வப்போது டிஸ்டில்டு வாட்டர் பார்த்து ஊற்றினால் வருடக்கணக்கில் உழைக்கும். “வண்டி எடுக்கலைன்னாலும் சார்ஜை இறக்கி விட்றாதீங்க” என்று கடைக்காரர்களும் மெக்கானிக்குகளும் காலம் காலமாகச் சொல்லி ஊர் முழுக்கப் பதிந்துபோன பழக்கம் அது. ட்ரோனில் இருப்பது லித்தியம் பாலிமர். அதற்கு இந்த நல்ல பழக்கமே எமன்.

விஷயம் இவ்வளவுதான். இந்தச் செல் ஒவ்வொன்றும் முழு சார்ஜில் 4.2 வோல்ட். அந்த நிலையில் உள்ளே இருக்கும் ரசாயனம், செல்லுக்குள் மின்சாரம் கடத்தும் திரவமான எலக்ட்ரோலைட்டை ஓயாமல் அரித்துக்கொண்டே இருக்கும். அதில் வெளியேறும் வாயுதான் பேட்டரியை உப்ப வைக்கிறது. சூடு ஏற ஏற அரிப்பும் வேகமாகும். லித்தியம் பேட்டரிகளுக்குப் பரவலாகச் சொல்லப்படும் கணக்கு ஒன்று உண்டு: முழு சார்ஜோடு 40 டிகிரியில் ஒரு வருடம் கிடந்தால் கொள்ளளவில் 35 சதவீதம் அளவுக்குப் போய்விடும். அதே சூட்டில் 40 சதவீத சார்ஜில் வைத்தால் போவது 15 சதவீதம். அதே 40 சதவீதத்தை 25 டிகிரியில் வைத்தால் வெறும் 4 சதவீதம். சித்திரை, வைகாசியில் நம் தகரக் கொட்டகைக்குள் மதியம் 40 டிகிரியோடு நிற்காது என்பது அதற்குள் போய் வந்தவர்களுக்குத் தெரியும்.

அதற்காகக் காலியாக வைத்துவிடலாம் என்று நினைப்பதும் ஆபத்து. கடைசி நாள் மருந்தடித்து, ட்ரோன் சத்தம் போட்டு எச்சரித்த பிறகு இறக்கிய பேட்டரியை அப்படியே பெட்டியில் போட்டு மூடுகிறார்கள். பேட்டரிக்குள் இருக்கும் சர்க்யூட்டே சும்மா இருக்கும்போதும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரண்ட் தின்னும். இரண்டு மூன்று மாதத்தில் செல் 2 வோல்ட்டுக்குக் கீழே போனால் உள்ளே இருக்கும் செம்புத் தகடே கரைய ஆரம்பிக்கும். பிறகு சார்ஜ் ஏற்றும்போது அந்தச் செம்பு கண்ட இடத்தில் படிந்து உள்ளுக்குள்ளேயே ஷார்ட் ஆகும். சார்ஜர் ஏற்க மறுக்கிற அப்படிப்பட்ட பேட்டரியை, இன்னொரு பேட்டரியிலிருந்து ஒயர் கொடுத்து எழுப்பித் தரச் சொல்லிக் கேட்பவர்கள் உண்டு. லாரிக்குச் செய்கிற வேலையை இதற்குச் செய்யக் கூடாது. நான் செய்து தருவதில்லை. வேறு கடையில் செய்து தந்தாலும் வாங்கிப் போகாதீர்கள்.

அப்படியானால் எவ்வளவில் வைப்பது? ஒரு செல்லுக்கு 3.8 முதல் 3.85 வோல்ட். ஆறு செல் பேட்டரி என்றால் மொத்தம் 23 வோல்ட் பக்கத்தில், பன்னிரண்டு செல் என்றால் 46 பக்கத்தில். விளக்கு எரிந்து காட்டும் பேட்டரியில் நாலில் இரண்டு விளக்கு. பெரும்பாலான சார்ஜர்களில் ‘ஸ்டோரேஜ்’ என்று ஒரு இடம் இருக்கிறது. அதில் போட்டால் கூட இருப்பதை இறக்கியும் குறைவாக இருப்பதை ஏற்றியும் தானே கொண்டுவந்து நிறுத்தும். என்னிடம் வந்தவர்களில் பலருக்கு அந்த வசதி தங்கள் சார்ஜரில் இருப்பதே தெரியவில்லை. மெனு முழுக்க ஆங்கிலம். தெரிந்த ஒரு பட்டனைத் தவிர வேறு எதையும் தொடப் பயம்.

அந்த வசதி இல்லாத பழைய சார்ஜர் வைத்திருப்பவர்களுக்கு நான் செய்து கொடுப்பது லாரி ஹெட்லைட் பல்பு. 24 வோல்ட், 75 வாட் பல்பு ஒன்றை ஆறு செல் பேட்டரிக்குக் கொடுத்தால் சுமார் 3 ஆம்பியர் இழுக்கும். 16 ஆயிரம் எம்ஏஹெச் கொள்ளளவுள்ள நிறைந்த பேட்டரி பாதிக்கு இறங்க இரண்டரை, மூன்று மணி நேரம் ஆகும். மீட்டரை மாட்டிக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்து 23 வோல்ட்டில் கழற்ற வேண்டும். சாப்பிட்டு வருகிறேன் என்று எழுந்து போகிற ஆளுக்கு இந்த வேலை ஆகாது. பல்பும் கொதிக்கும், பாய்மேல் வைத்துவிடாதீர்கள்.

வைக்கும் இடத்துக்கு வருகிறேன். மோட்டார் கொட்டகை வேண்டாம், காருக்குள் வேண்டாம். ஓட்டு வீடாக இருந்தால் நடு அறையில் தரையோடு ஒட்டி வைக்கலாம். மாடி இல்லாத கான்கிரீட் வீட்டில் லாஃப்ட்தான் இருப்பதிலேயே மோசமான இடம். பகல் முழுக்கத் தளம் குடித்த வெயிலை ராத்திரி முழுக்க அதற்குத்தான் இறக்கும். குளிர்ச்சிக்காக ஈரச் சாக்குப் போர்த்துவதும் ஃப்ரிட்ஜில் வைப்பதும் வேண்டாம். ஈரம் உள்ளே இறங்கினால் சர்க்யூட் போய்விடும். உரமூட்டை, பூச்சிமருந்து டப்பா இருக்கும் அறையும் வேண்டாம். அந்தக் காற்றில் பிளக்கின் பித்தளை பச்சை பூத்து, அடுத்த பருவத்தில் பறக்கும்போது பிளக்கே சூடாகி இளகும். முதலில் ட்ரோனிலிருந்து பேட்டரியைக் கழற்றுங்கள், ஈரமில்லாத துணியால் பிளக்கைத் துடையுங்கள், மூடி இருந்தால் மூடுங்கள். நம் ஊரில் எலியையும் கணக்கில் சேர்க்க வேண்டும். செல்லுக்குச் செல் போகும் மெல்லிய ஒயரை எலி கடித்து ஷார்ட் ஆன பேட்டரியைப் பார்த்திருக்கிறேன். அதற்காக நெல் கொட்டும் ட்ரம்மில் போட்டுக் காற்றுப் புகாமல் இறுக்கி மூடவும் கூடாது. ஏதாவது ஆகிப் புகை கிளம்பினால் அது வெளியேற வழி வேண்டும். இல்லாவிட்டால் ட்ரம்மே வெடிக்கும். செங்கல் அடுக்கி, உலர்ந்த மணல் பரப்பி, பேட்டரிக்குப் பேட்டரி கொஞ்சம் இடைவெளி விட்டு வைத்து, மேலே எலி புகாத கம்பி வலைக் கூண்டு கவிழ்த்தால் போதும். ஆள் படுக்கும் அறையிலும் வாசல் வழியிலும் மட்டும் வைக்காதீர்கள்.

வைத்துவிட்டு மறந்தும் போகக் கூடாது. கடைக்காரர்கள் நாங்கள் அமாவாசைக்கு அமாவாசை பூஜை போடுவோம். விவசாயக் குடும்பங்களிலும் அந்த நாள் யாருக்கும் மறக்காது. அன்றைக்குப் பெட்டியைத் திறந்து பாருங்கள். ஒரு கண்ணாடித் துண்டின்மேல் பேட்டரியைப் படுக்க வைத்தால் ஆடுகிறதா என்று தெரிந்துவிடும். செல் மீட்டரைச் செருகி, எல்லாச் செல்லும் ஒன்றுபோல் இருக்கின்றனவா, ஏதாவது ஒன்று மட்டும் மற்றவற்றைவிட இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். எல்லாச் செல்லுமே 3.7 வோல்ட்டுக்கு இறங்கியிருந்தால் திரும்ப ஸ்டோரேஜில் போட்டு ஏற்றி வையுங்கள். ஆடியில் வேலை தொடங்குவதற்கு முன்பு முழுதாக ஏற்றி, முதல் தடவை மருந்து டேங்கைக் காலியாக வைத்து ஆளுயரத்தில் கொஞ்ச நேரம் நிறுத்திப் பாருங்கள். பத்து லிட்டர் மருந்தோடு அடுத்தவர் வயலுக்கு மேலே போய்ப் பேட்டரி படுத்துக்கொண்டால் போவது பேட்டரி மட்டும் இல்லை.

கல்யாண வீட்டுக்குப் படம் எடுக்கும் ஸ்டுடியோக்காரர்களின் சின்ன ட்ரோன்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் இல்லாமல் அவையும் சும்மாதான் கிடக்கின்றன. ஆனால் அந்தப் பேட்டரிகளில் பல, சில நாள் தொடாமல் விட்டால் தானாகவே 60 சதவீத அளவுக்கு இறங்கிக்கொள்ளும்படி செய்யப்பட்டவை. அப்படி இறங்கும்போது லேசாகச் சுடும். “சும்மா கிடந்த பேட்டரி சுடுது” என்று பதறிக்கொண்டு ஒரு தம்பி தூக்கி வந்தார். பயப்பட வேண்டியதில்லை. ஆனால் அவற்றையும் மூன்று மாதத்துக்கு மேல் ஏற்றாமல் விட்டால் தூங்கிப்போய் எழுந்திருக்க அடம்பிடிக்கும்.

காசுக் கணக்கும் சொல்ல வேண்டும். மருந்தடிக்கும் ட்ரோனில் ஒரு செட் பேட்டரியின் விலை ஒரு நல்ல கறவை மாட்டின் விலைக்குப் பக்கத்தில் வரும். மத்திய அரசின் நமோ ட்ரோன் தீதி திட்டத்தில் 15,000 மகளிர் குழுக்களுக்கு 80 சதவீத மானியத்தில், 8 லட்சம் ரூபாய் வரை உதவி என்று 2023 நவம்பரில் அறிவித்தார்கள். அதில் ட்ரோனோடு வரும் செட் போக, கூடுதலாக 4 செட் பேட்டரியும் சேர்த்தி. நல்ல ஏற்பாடு. குழுவில் ஒருவருக்கு 15 நாள் பயிற்சியும் உண்டு. அந்தப் பதினைந்து நாளில் பறக்க விடுவதையும் மருந்து கலப்பதையும் சொல்லிக் கொடுக்கிறார்கள். சீசன் முடிந்ததும் பேட்டரியை என்ன செய்வது என்று கேட்டால், என்னிடம் வந்தவர்களுக்குச் சொல்லத் தெரியவில்லை. ஒரு மதியம் ஒதுக்கி, மீட்டரைக் கையில் கொடுத்து, ஒரு பேட்டரியை 23 வோல்ட்டுக்கு அவர்களே கொண்டுவந்து நிறுத்தச் செய்தால் போதும். சார்ஜர் பெட்டிக்குள் தமிழில் ஒரே ஒரு தாள் வைக்கலாம். ஐந்நூறு ரூபாய்க்கும் குறைவான செல் மீட்டர் ஒன்றையும் அந்தத் தொகுப்பிலேயே சேர்க்கலாம். வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகங்களில் குளிரூட்டிய ஒரு சிறு அறை ஒதுக்கி, கோடை மூன்று மாதமும் குழுக்களின் பேட்டரிகளை அங்கே வாங்கி வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது. தனித்தனி வீட்டில் ஏசி போடச் சொல்ல முடியாது.

இன்னொன்று, உப்பிப்போனவை. 2022-ல் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி பழைய பேட்டரிகளைத் திரும்பப் பெற்று முறைப்படி கழிக்கும் பொறுப்பு தயாரிப்பாளருக்கும் இறக்குமதியாளருக்கும் இருக்கிறது. ஊரில் நடப்பது வேறு. வாங்கின இடத்தில் கேட்டால் அனுப்பி வையுங்கள் என்கிறார்கள்; உப்பின லித்தியம் பேட்டரி என்று சொன்னால் கூரியரில் எடுப்பதில்லை. கடைசியில் அது பழைய இரும்புக் கடைக்குப் போகிறது. அங்கே செம்பு எடுக்கச் சுத்தியலால் உடைக்கிறார்கள். ஓட்டை விழுந்த நொடியில் தீப்பிடிக்கும் சாமான் இது. அதன் புகையும் விஷம். என் கடையின் பின்பக்கம் மணல் கொட்டிய ஒரு சிமென்ட் தொட்டியில், சார்ஜை இறக்கி வடித்துவிட்ட பேட்டரிகள் இப்போது கிடக்கின்றன. எங்கே கொடுப்பது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. தாலுகாவுக்கு ஒரு இடத்தில், மாதம் ஒரு நாளாவது இவற்றை வாங்கிக்கொள்ள மாவட்ட நிர்வாகம் ஏற்பாடு செய்தால் முதல் ஆளாக என் தொட்டியைக் காலி செய்து கொண்டுபோய்க் கொடுப்பேன்.

இப்படிக்கு,
இன்வெர்ட்டர், பேட்டரி கடைக்காரர்,
மன்னார்குடி.