பேசும் கணினியை நிறுத்துவது எப்படி

தோ பாயோ, சிங்கப்பூர்

அன்புள்ள நண்பரே,

வணக்கம். உங்கள் கடிதம் கிடைத்தது. அண்ணியாருக்கு ஒரு கண்ணில் கண்புரை அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்று அறிந்து மகிழ்ந்தேன். இங்கு நாங்கள் அனைவரும் நலம். உங்கள் கடிதத்தில் முக்கால் பங்கை அந்தக் கணினிக் குரலே பிடித்துக்கொண்டுவிட்டதால், நானும் மற்றச் செய்திகளை ஒதுக்கி வைத்துவிட்டு அதைப் பற்றியே எழுதுகிறேன்.

முதலில், பயப்பட ஒன்றுமில்லை. கணினிக்குள் யாரும் நுழையவில்லை. கிருமி நிரலும் இல்லை. நீங்கள் எழுதியிருக்கும் அடையாளங்களை, அதாவது தட்டும் எழுத்தை எல்லாம் ஆங்கிலத்தில் உச்சரிக்கும் குரலையும் திரையில் நீங்கள் போகும் இடமெல்லாம் கூடவே வரும் நீலக் கட்டத்தையும் வைத்துப் பார்த்தால், அது விண்டோஸுடனேயே வரும் நரேட்டர் என்னும் திரைவாசிப்பான். பார்வையற்றவர்களும் பார்வை குறைந்தவர்களும் கணினியைக் காதால் கேட்டுப் பயன்படுத்துவதற்காக அமைக்கப்பட்ட நிரல் அது. விண்டோஸ் 2000 வந்த நாளிலிருந்து ஒவ்வொரு விண்டோஸ் கணினியிலும் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கிறது. உங்கள் வீட்டில் அது இப்போதுதான் வாய் திறந்திருக்கிறது.

அதை நிறுத்த, விண்டோஸ் சின்னம் உள்ள விசையையும் கண்ட்ரோல் விசையையும் சேர்த்து அழுத்திப் பிடித்தபடி என்ட்டர் விசையை ஒருமுறை தட்டுங்கள். நின்றுவிடும். அதே மூன்று விசைகள்தாம் அதைத் தொடங்கவும் செய்கின்றன. பேரப்பிள்ளைகள் விசைப்பலகையில் விளையாடியபோதோ, நீங்களே வேறு எதையோ அழுத்தப் போய்க் கை தவறியபோதோ அது கிளம்பியிருக்கும்.

பொறுக்க முடியாமல் ஒலிபெருக்கியின் கம்பியைப் பிடுங்கி வைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். குரல் கேட்கவில்லை என்பதால் நரேட்டர் நின்றுவிட்டதாக ஆகாது. அது உள்ளே ஓடிக்கொண்டேதான் இருக்கிறது. ‘விசைப்பலகையும் கெட்டுவிட்டது, புதிதாக ஒன்று வாங்க வேண்டும்’ என்று அடுத்த பத்தியில் நீங்கள் வருந்தியிருப்பதற்கும் காரணம் அதுவே. நரேட்டர் ஓடும்போது கேப்ஸ் லாக் விசை அதன் கட்டளை விசையாக மாறிவிடும். பெரிய எழுத்து வேண்டுமானால் அதை அடுத்தடுத்து இருமுறை விரைவாகத் தட்ட வேண்டும். இணையப் பக்கத்தைப் படிக்கும்போது எச் விசையைத் தட்டினால் பக்கம் எங்கோ தாவுகிறது என்கிறீர்களே, அது அடுத்த தலைப்புக்குத் தாவுகிறது. கே விசையைத் தட்டினால் அடுத்த இணைப்புக்குப் போகும். கண்ணால் பக்கத்தை மேய முடியாதவர் தலைப்பு தலைப்பாகக் கடந்து போவதற்கான வசதி இது. ஆகவே புது விசைப்பலகைக்குப் பணம் செலவழிக்க வேண்டாம். கம்பியை மறுபடி செருகி, மேலே சொன்ன மூன்று விசைகளை அழுத்தி, குரல் நின்றதைக் காதால் உறுதி செய்துகொள்ளுங்கள். விசைகளும் பழைய நிலைக்குத் திரும்பிவிடும்.

இவ்வளவு எளிதில் தவறித் தொடங்கிவிடும் ஒன்றை ஏன் இப்படி அமைத்தார்கள் என்று நீங்கள் கேட்டிருப்பது நியாயமே. ஆனால் பார்வையில்லாத ஒருவரின் பக்கம் நின்று யோசித்துப் பாருங்கள். திரையே தெரியாதவர், திரையில் எங்கோ உள்ள பட்டியலைத் திறந்து, அதில் ஒரு வரியைத் தேடிச் சொடுக்கி இந்த உதவியைத் தொடங்க முடியாது. விரல்களுக்கு மட்டுமே தெரிந்த ஒரு வழி, கடவுச்சொல் கேட்கும் திரையிலும்கூட, அவருக்கு வேண்டும். முன்பு விண்டோஸ் விசையும் என்ட்டரும் மட்டுமே போதுமானதாக இருந்தன. 2017இல் வந்த விண்டோஸ் 10 புதுப்பிப்பில்தான் கண்ட்ரோலையும் சேர்த்தார்கள். அந்த அளவுக்காவது நம்மைப் போன்றவர்களையும் எண்ணிப் பார்த்திருக்கிறார்கள்.

என் மைத்துனருக்குக் கண் அழுத்த நோயால் பார்வை போய்விட்டது உங்களுக்குத் தெரியும். அவர் பயன்படுத்துவது என்விடிஏ என்னும் மற்றொரு திரைவாசிப்பான். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த மைக்கேல் கரன் என்பவர், தாமும் பார்வையற்றவர், 2006இல் தொடங்கியது, இலவசமாகவே கிடைக்கிறது. மைத்துனர் தம் மத்திய சேமநிதிக் கணக்கைப் பார்க்கும்போது நான் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். மடிக்கணினியின் திரை கறுப்பாகவே இருக்கும், அவருக்கு அது தேவையில்லை. குரலோ தகரக் கூரையில் விழும் மழை போல அத்தனை வேகத்தில் கொட்டும்; எனக்கு ஒரு சொல்லும் பிடிபடாது, அவர் நடுவில் நிறுத்தி, “தொகை தப்பாக இருக்கிறதே” என்பார். இந்தக் குரலைத் தொல்லை என்று நாம் இருவரும் பேசுவது அவர் காதில் விழாமல் இருப்பதே நல்லது.

இனி அது தானாகத் திரும்பி வராமல் இருப்பதற்கு வருகிறேன். விண்டோஸ் விசை, கண்ட்ரோல், ஆங்கில ‘என்’ (N) எழுத்து ஆகிய மூன்றையும் சேர்த்து அழுத்தினால் நரேட்டரின் அமைப்புப் பக்கம் நேரே திறக்கும். அங்கே, உள்நுழைந்த பின் நரேட்டரைத் தொடங்கு, உள்நுழையும் முன்பே தொடங்கு என்று இரண்டு தெரிவுகள் தனித்தனியாக இருக்கும். பலர் ஒன்றை மட்டும் அணைத்துவிட்டு, மறுநாள் காலையில் கடவுச்சொல் திரையில் குரலைக் கேட்டுத் திகைக்கிறார்கள். இரண்டையும் பாருங்கள். விசைக் கூட்டால் தொடங்குவதை அனுமதிக்கலாமா என்ற தெரிவும் அதே பக்கத்தில்தான் இருக்கிறது. அதை அணைத்துவிட்டால் பேரப்பிள்ளைகள் எதை அழுத்தினாலும் கவலையில்லை. நரேட்டரைக் கணினியிலிருந்து அழித்துவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். அது விண்டோஸின் ஒரு பகுதி, அதற்கு அவசியமும் இல்லை.

ஆயினும் அந்த மூன்றாவது தெரிவை அணைக்கும் முன் அண்ணியாரை ஒரு வார்த்தை கேளுங்கள் என்பேன். இன்னொரு கண்ணுக்கும் சிகிச்சை முடியும் வரை அவருக்கு நாளிதழ் படிப்பது சிரமமாக இருக்குமே. ஆங்கிலக் குரலால் தமிழைப் படிக்க முடியாது என்பது உண்மைதான், ஆனால் விண்டோஸின் மொழி அமைப்பில் தமிழைச் சேர்த்து அதன் பேச்சையும் இறக்கிக்கொண்டால் தமிழ்க் குரல் ஒன்று வரும். அதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் வள்ளுவர்! உச்சரிப்பில் நம் ஆசிரியர்கள் மதிப்பெண் குறைத்திருப்பார்கள். செய்தியைப் புரிந்துகொள்ள அது போதும்.

இன்னும் ஓர் எச்சரிக்கை. திரைவாசிப்பான் திரையில் இருப்பதையே படிக்கும், தானாக எதையும் சொல்லாது. ‘உங்கள் கணினி தாக்கப்பட்டுள்ளது, இந்த எண்ணை உடனே அழையுங்கள்’ என்று எப்போதாவது குரல் கேட்டால், அது திரையில் திறந்துகிடக்கும் ஒரு மோசடிப் பக்கத்தின் வாசகம். அந்த எண்ணை அழைக்காதீர்கள், அரசுச் சேவைகளில் நுழைய நாம் பயன்படுத்தும் சிங்பாஸ் விவரம் எதையும் கொடுக்காதீர்கள். சந்தேகம் வந்தால், மோசடியா என்று கேட்டறிவதற்கான ஸ்கேம்ஷீல்டு உதவி எண்ணான 1799ஐ அழைத்துக் கேளுங்கள்.

மூன்று விசைகளை அழுத்தியபின் குரல் நிற்பதற்குப் பதிலாக இரண்டாவது குரல் ஒன்று சேர்ந்துகொண்டால், உங்கள் கணினியில் யாரோ என்விடிஏ போன்ற வேறு நிரலையும் நிறுவியிருக்கிறார்கள் என்று பொருள். அதே விசைகளை மறுபடி அழுத்தி நரேட்டரை நிறுத்திவிட்டு, இன்செர்ட் விசையுடன் கியூ எழுத்தைத் தட்டுங்கள். வெளியேறலாமா என்று அது கேட்கும், என்ட்டர் அழுத்தினால் போய்விடும்.

இத்தனைக்கும் பிறகு அது பேசினால், எந்தத் திரையில் இருக்கும்போது பேசுகிறது, கடவுச்சொல் கேட்கும் திரையிலா அல்லது உள்ளே நுழைந்த பின்பா என்பதை மட்டும் குறித்துவைத்துக்கொண்டு இரவு எட்டு மணிக்கு மேல் என்னை அழையுங்கள். அது தெரிந்தால் எந்தத் தெரிவு விட்டுப்போயிற்று என்பதைத் தொலைபேசியிலேயே சொல்லிவிடுவேன்.

அன்புடன்,
உங்கள் பழைய நண்பன்