அமுல் பாப்பாவின் வால்தனம்

ஆசிரியருக்கு வணக்கம்.

விளம்பரத்தில் கொஞ்சம் குறும்பு இருந்தாலே இப்போதெல்லாம் யாராவது சண்டைக்குக் கிளம்பிவிடுகிறார்கள். நீல முடியும் புள்ளி போட்ட கவுனுமாக, 1966இல் சில்வெஸ்டர் டகுன்ஹாவும் ஓவியர் யூஸ்டஸ் பெர்னாண்டஸும் உருவாக்கிய அமுல் பாப்பாவை நினைத்துப் பாருங்கள். நெருக்கடி நிலையின்போது, கட்டாயக் கருத்தடையைப் பற்றிப் பேசவே ஊர் பயந்திருக்க, அவள் வெண்ணெய்த் தட்டோடு நின்று, கட்டாய ஸ்டெரிலைசேஷன் நாங்கள் எப்போதும் செய்வதுதான் என்றாளே, என்ன துணிச்சல்! கிருமிநீக்கத்துக்கும் கருத்தடைக்கும் ஆங்கிலத்தில் ஒரே சொல், அவ்வளவுதான் விஷயம். யாரையும் திட்டவில்லை, ஆனால் சுருக்கென்று தைத்தது. இன்றைக்கு அப்படி ஒன்றை எழுதினால் முதல் கூட்டத்திலேயே வெட்டிவிடுவார்கள். விளம்பரம் எடுப்பவர்களே, எழுதுகிற பிள்ளைகளைக் கொஞ்சம் வால்தனம் செய்ய விடுங்கள்.

வாசகர், திருச்சி