முதலில் எல்லைக்கல், பிறகு பூங்கா

ஆசிரியர் அவர்களுக்கு,

நகரக் கடற்கரையைப் பாதுகாக்கப்பட்ட பொதுப் பொழுதுபோக்கு வெளியாக அறிவிக்க வேண்டும் என்ற யோசனை நல்லதுதான். ஆனால் பேச்சு எழுந்ததுமே கான்கிரீட் நடைபாதை, அலங்கார விளக்கு, செல்ஃபி மேடை என்று வரைபடம் போட ஆரம்பித்துவிடுகிறார்கள். அங்கேதான் கோளாறு.

மணல்மேட்டில் படர்ந்து கிடக்கும் அடப்பங்கொடியையும் ராவணன் மீசை என்ற புல்லையும் களை என்று நினைத்துப் பிடுங்கி எறிகிறார்கள். காற்றில் பறக்கும் மணலைப் பிடித்து மேட்டை வளர்ப்பதே அவைதான். புயல் அலையின் முதல் அடியைத் தாங்குவது அந்த மேடு. அதை வழித்துவிட்டுத் தடுப்புச் சுவர் கட்டினால், மோதித் திரும்பும் அலை சுவருக்கு முன்னால் உள்ள மணலையும் அரித்துக்கொண்டு போகும். அப்புறம் உட்கார மணலே இருக்காது. விளக்கும் அப்படித்தான்: முட்டையிலிருந்து வெளிவரும் ஆமைக் குஞ்சுகள் வெளிச்சத்தைக் கடல் என்று நம்பிச் சாலைப் பக்கம் ஊர்ந்துவிடும்.

சரி, என்ன செய்யலாம்? ஸ்பெயின் 1988-லேயே கடற்கரையைப் பொதுச் சொத்தாக வரையறுத்துச் சட்டம் போட்டது. கலிபோர்னியாவின் 1976 சட்டம் மக்கள் கரைக்குப் போகும் உரிமையையும் சேர்த்துக் காக்கிறது. அதுபோல அரசு முதலில் கரைக்கு எல்லைக்கல் நடட்டும், தனியார் வேலி உள்ளே வர முடியாதபடி. படகு நிறுத்தவும் வலை உலர்த்தவும் மீனவர்களுக்கு இடம் ஒதுக்கிவிட்டே மற்றதை வரையட்டும். நுழைவுக் கட்டணம் கூடவே கூடாது. கழிப்பறை, குடிநீர், சக்கர நாற்காலி போகப் பலகைப் பாதை, இவை போதும். செயற்கை நீரூற்று எதற்கு? எதிரே கடலே இருக்கிறதே!

இப்படிக்கு,
ஒரு வாசகர்