அச்சை முறிக்கும் முன்: புள்ளிவிவர அறிக்கைக்கு வரைபடம் போடும் அலுவலர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

மாநிலங்களின் மக்கள் அடர்த்தியை டெல்லியோடு சேர்த்து எக்செலில் பார் சார்ட்டாகப் போட்டவர்களுக்கு இந்தச் சிக்கல் தெரியும். 2011 கணக்கெடுப்பில் சதுர கிலோமீட்டருக்கு டெல்லியில் 11,320 பேர், பீகாரில் 1,106, தமிழ்நாட்டில் 555, அருணாசலப் பிரதேசத்தில் 17. அச்சை 0 முதல் 12,000 வரை வைத்தால், 10 செ.மீ. உயரப் படத்தில் பீகார் 9 மி.மீ. தான் எழும்பும். அருணாசலம் கண்ணிலேயே படாது.

அச்சை முறிக்க, அதாவது அதன் நடுவே ஒரு பகுதியை விட்டுவிட்டுக் காட்ட, எக்செலில் தனி வசதி கிடையாது. அதனால் சிலர் டெல்லியின் கட்டத்தில் 1,500 என்று அடித்து, லேபிளைக் கையால் 11,320 ஆக்கி, பாரின் குறுக்கே வெள்ளை நெளிகோடு ஒட்டிவிடுகிறார்கள். தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். அடுத்தவர் அதே கோப்பில் சராசரி எடுத்தால் 1,500 தான் கணக்கில் ஏறும். டெல்லியை மட்டும் இரண்டாம் அச்சுக்கு மாற்றுவதும் ஆபத்து: ஒன்றின் உச்சம் 12,000, மற்றதன் உச்சம் 1,200 என்றால் டெல்லியும் பீகாரும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் நிற்கும்.

நேர்மையாக முறிக்க ஒரு வழி உண்டு. சார்ட்டைப் பிரதி எடுத்து, ஒன்றன்மேல் ஒன்றாக வையுங்கள். ஃபார்மேட் ஆக்சிஸில் கீழ்ப்படத்துக்கு மினிமம் 0, மேக்சிமம் 1,200. மேற்படத்துக்கு 11,100, 11,400. இரண்டிலும் மேஜர் யூனிட் (அச்சுக் குறிகளுக்கு இடையிலான அளவு) 300. கீழே நான்கு இடைவெளி, மேலே ஒன்று. ஆகவே வரைபரப்பின் உயரம் 4-க்கு 1 என்றே இருக்க வேண்டும். மவுஸால் இழுத்தால் இது சரியாக அமையாது. எக்செலின் நிரல்மொழியான விபிஏவில் பிளாட் ஏரியாவின் (வரைபரப்பின்) இன்சைட்ஹைட்டை, அதாவது உள் உயரத்தை, கீழே 240, மேலே 60 என்று கொடுங்கள். இன்சைட்லெஃப்ட் (இடப்பக்கத் தொடக்கம்), இன்சைட்விட்த் (உள் அகலம்) ஆகியவை இரு படங்களிலும் ஒன்றாகவே இருக்கட்டும். இல்லையென்றால் டெல்லியின் மேல்துண்டு கீழ்த்துண்டுக்கு நேராக நிற்காது. மேற்படத்தில் மாநிலப் பெயர்களை நீக்கி, டெல்லிக்கு மட்டும் லேபிள் வையுங்கள். இடையே ஒரு முறிவுக்குறி (நெளிகோடு) வைத்து, அதையும் இரு படங்களையும் சேர்த்து குரூப் செய்யுங்கள்.

இத்தனை செய்தும் டெல்லி பார் பீகாரைவிட ஒன்றேகால் மடங்கு உயரமாகத்தான் தெரியும். உண்மையில் பத்து மடங்கு. வாசகரின் கண் நீளத்தைத்தான் அளக்கும். ஆகவே படத்துக்கு அடியிலேயே "1,200-க்கும் 11,100-க்கும் இடையே அச்சு முறிக்கப்பட்டுள்ளது" என்று எழுதுங்கள்.

பக்கத்தில் இடமிருந்தால் முறிக்கவே வேண்டாம் என்பது எங்கள் கருத்து. எல்லாரும் உள்ள படம் ஒன்று, டெல்லி இல்லாத படம் ஒன்று, இரண்டுமே பூஜ்யத்திலிருந்து தொடங்கட்டும். மடக்கை அளவுகோல் (ஒவ்வொரு படியும் பத்து மடங்காக ஏறும் லாக் ஸ்கேல்) வைப்பதானால் பாரை விட்டுப் புள்ளிக்கு மாறுங்கள். அந்த அளவுகோலில் பூஜ்யம் கிடையாது, பாரின் நீளத்துக்குப் பொருளும் கிடையாது.