எதிர்ப்பக்கம் நின்றவர்களுக்கு

போன ஞாயிற்றுக்கிழமை நாகர்கோவிலில் எனக்கு ஒரு சின்னப் பாராட்டு விழா நடந்தது. இருபத்தைந்து வருடத்துக்கு மேல் டேபிள் டென்னிஸ் ஆடியவள் பேட்டைக் கீழே வைக்கிறாள் என்று பழைய ஆட்டக்காரர்கள் நாலைந்து பேர் சேர்ந்து ஏற்பாடு செய்தது. தோவாளைப் பூமாலை போட்டார்கள், பொன்னாடை போர்த்தினார்கள், ரசவடை கொடுத்தார்கள். அப்புறம் மைக்கைக் கையில் தந்து "ரெண்டு நிமிஷம் பேசுங்க" என்றார்கள். முதல் வரிசையில் அப்பா சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவரைப் பார்த்ததும் தொண்டை அடைத்துவிட்டது. "எல்லாருக்கும் நன்றி" என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் உட்கார்ந்து யோசித்தால், சொல்ல வேண்டியவர்களில் ஒருவரைக்கூடச் சொல்லவில்லை. அதற்குத்தான் இந்த மடல். பெயர் போட்டு எழுதினால் விட்டுப்போனவர்கள் கோபிப்பார்கள். அதனால் எப்படிக் கூப்பிடுவேனோ அப்படியே எழுதுகிறேன். யார் யார் என்று எங்கள் ஊர் குலசேகரத்துக்காரர்களுக்குத் தெரியும்.

டேபிள் டென்னிஸில் ஒரு தொல்லை உண்டு. ஓட்டக்காரிக்கு ஒரு ரோடு போதும், நீச்சல்காரிக்கு ஒரு குளம் போதும். எங்கள் ஆட்டத்துக்கு எதிர்ப்பக்கம் ஒரு ஆள் வேண்டும். மேசையின் பாதியை மடக்கி நிமிர்த்தி வைத்து அதில் அடித்துத் தனியாகப் பழகலாம்தான். நானும் பழகியிருக்கிறேன். ஆனால் பலகை நாம் கொடுத்ததைத்தான் திருப்பித் தரும். புதிதாக ஒன்றைக் கற்றுக்கொள்ள வேண்டுமென்றால் எதிரில் ஒரு மனுஷன் நிற்க வேண்டும். மலையோரத்தில், ரப்பர் தோட்டத்துக்கு நடுவில், ஒரு பெண்பிள்ளைக்கு அப்படி ஒரு ஆள் கிடைப்பதுதான் பெரிய பாடு.

முதலில் ஆசாரி மாமா. 1999ல், நான் ஐந்தாம் வகுப்பு படித்தபோது, கோயிலை ஒட்டிய மண்டபத்தில் ஒரு மேசை செய்து போட்டவர் அவர். யாரோ எழுதிக்கொடுத்த அளவுப்படி செய்தார்: நீளம் 274 சென்டிமீட்டர், அகலம் 152.5, உயரம் 76. அளவில் ஒரு நூல் பிசகவில்லை. துள்ளல்தான் பிசகிவிட்டது. 30 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து பந்தை விட்டால் சுமார் 23 சென்டிமீட்டர் எழும்ப வேண்டும் என்பது கணக்கு. எங்கள் மேசையின் இடது மூலையில் விழுந்த பந்து ஈரமண்ணில் விழுந்த கொட்டைப் பாக்கு மாதிரி அப்படியே கிடக்கும். அந்த மூலையில் சர்வ் போட்டே ஊர்ப் பையன்கள் எல்லாரையும் ஜெயித்தேன். முதல்முறை வெளியூர் போனபோதுதான் எல்லா மேசைக்கும் அப்படி ஒரு மூலை இல்லை என்று தெரிந்தது. பரவாயில்லை மாமா, அந்த மேசை இல்லையென்றால் எதுவுமே இல்லை.

என்னை அந்த மண்டபத்துக்குக் கையைப் பிடித்துக் கூட்டிப்போனது பி.டி. டீச்சர். பெண்பிள்ளைகள் அரை டவுசர் போட்டு ஆடுவதா என்று பெரியவர் ஒருவர் மண்டபத்தின் சாவியைத் தர மறுத்தபோது, டீச்சர் சண்டை போடவில்லை. மறுநாள் தானே டிராக் பேன்ட் போட்டு வந்து, "நான் ஆடப்போறேன், சாவி தாங்க" என்று நின்றார். டீச்சருக்கு அப்போது ஐம்பது வயது. முட்டிவலி வேறு. ஒருவருடம் என் எதிரில் நின்றார், மாற்றலாகிப் போகும்வரை.

அப்புறம் மருந்துக்கடை அண்ணன். இவரைப் பற்றி எழுத ஆரம்பித்தால் நிறுத்த முடியாது.

அண்ணன் பேட்டின் ஒரு பக்கம் சாதாரண ரப்பர், மறுபக்கம் லாங் பிம்பிள்ஸ். நீளநீளமாகக் காம்பு நீட்டிக்கொண்டிருக்கும் அந்த ரப்பரில் பட்டு வரும் பந்து, நாம் நினைத்த மாதிரி வராது. நாம் மேல்சுழல் கொடுத்து, அதாவது பந்து முன்னோக்கிச் சுழலும்படி, ஓங்கி அடித்தால் அது பின்னோக்கிச் சுழலும் கீழ்ச்சுழலாகத் திரும்பி வந்து வலையில் விழவைக்கும். "ஏமாத்து ரப்பர்" என்று ஊரில் அவரோடு யாரும் ஆட மாட்டார்கள். என்னோடும் யாரும் ஆட மாட்டார்கள். அப்படித்தான் சேர்ந்தோம். ராத்திரி எட்டரைக்குக் கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வருவார். அம்மா துணைக்கு வந்து மண்டபத் திண்ணையில் உட்கார்ந்திருப்பார்.

அண்ணன்தான் எனக்கு மறைவு சர்வ் கற்றுக்கொடுத்தார். பந்து பேட்டில் படும் நேரத்தில் இடது கையைக் குறுக்கே வைத்து மறைத்துவிட்டால், எதிரிக்கு என்ன சுழல் என்றே தெரியாது. அதை வைத்து இரண்டு வருடம் ஜெயித்தேன். 2002ல் விதி மாறியது. உடம்பாலோ உடையாலோ பந்தை மறைக்கக்கூடாது என்றார்கள். அதற்கு முன்பே 2000ல் பந்து 38 மில்லிமீட்டரிலிருந்து 40 ஆகியிருந்தது, 2001ல் கேம் 21 புள்ளியிலிருந்து 11 ஆகியிருந்தது. அதெல்லாம் ஆடி ஆடிப் பழகிவிட்டது. சர்வ் மாற்றம்தான் என்னைச் சாய்த்துவிட்டது. ஒரு போட்டியில் வரிசையாக ஃபால்ட் கொடுத்தார்கள், அழுதுகொண்டே வந்தேன்.

அண்ணன் சொன்னது இன்றைக்கும் காதில் இருக்கிறது: "நான் படிச்சுக் குடுத்ததை நானே மறக்கவச்சுத் தாரேன் பிள்ளே. ரெண்டு மாசம் தா." பந்தைக் குறைந்தது 16 சென்டிமீட்டர் மேலே எறிய வேண்டும். என் ஜியாமெட்ரி பாக்ஸ் ஸ்கேல் 15 சென்டிமீட்டர். அதைச் சுவரில் நிறுத்தி, மேலே ஒரு விரல் கூட்டி, கரியால் கோடு போட்டார். அந்தக் கோட்டின் முன்னால் நின்று எத்தனை ஆயிரம் முறை எறிந்தேன் என்று கணக்கில்லை. மண்டபத்துக்கு வெள்ளையடித்தபோது அந்தக் கோடு போய்விட்டது.

அண்ணன் வளைகுடா போனபிறகு எதிரில் யாருமில்லை. அது ஆனி மாத மழைக்காலம். மழை பெய்தால் பட்டை நனையும், ரப்பர் மரத்தில் பால் வெட்ட முடியாது. அப்பாவுக்கு வேலை இல்லை. மண்டபத்தில் நான் பலகையில் அடித்துக்கொண்டிருந்ததைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "நான் நிக்கட்டா மக்ளே?" என்றார்.

அப்பாவுக்கு ஆட்டம் தெரியாது. பேட்டைப் பால் வெட்டும் கத்தியைப் பிடிப்பதுபோலத்தான் பிடித்தார். ஆனால் விடியுமுன் தலையில் லைட் கட்டிக்கொண்டு, பட்டையை மயிரிழை கனத்துக்குச் சீவி இழுத்த கை அது. ஒரு நூல் ஆழமாகப் போனால் மரம் காயப்படும், மேலோட்டமாகப் போனால் பால் வராது. அந்த மணிக்கட்டோடு அவர் பந்தைச் சீவினால் வந்து விழுந்த கீழ்ச்சுழல் இருக்கிறதே, கீழ்ச்சுழலை நாங்கள் 'கட்' என்போம், அப்படி ஒரு 'கட்' நான் அதுவரை பார்த்ததில்லை. என் பந்து எல்லாம் வலையில். அப்பா பயந்துவிட்டார். "நான் எதாவது தப்பா செய்யுதனா?" என்று கேட்டார்.

மூன்று மழைக்காலம் அப்பா நின்றார். கட்டாகி வரும் பந்தை முட்டி மடக்கிக் கீழிருந்து மேலே உரசித் தூக்க வேண்டும். அதை நான் வேறெங்கும் கற்கவில்லை. பல வருடம் கழித்துச் சென்னை நேரு உள்விளையாட்டரங்கில் மாநிலப் போட்டி ஒன்றின் இறுதியில் என் எதிரில் நின்றவர் மேசையை விட்டுத் தள்ளி நின்று சீவிச் சீவியே எல்லாரையும் வீழ்த்திய ஆட்டக்காரி. என் கையில் இருக்கும் ஒரே மாநிலத் தங்கம் அன்றைக்கு வந்தது. பயிற்சியாளர் யார் என்று கேட்டார்கள். "குலசேகரத்துல ரப்பர் வெட்டுகாரு" என்றேன். சிரித்தார்கள், வேடிக்கை பேசுகிறேன் என்று.

பேட்டுக்கு முதன்முதலாக நல்ல ரப்பர் ஷீட் வாங்கிய கதையையும் சொல்லிவிடுகிறேன். அப்பாவும் நானும்தான் கடைக்குப் போனோம். உள்ளங்கை அகல ஷீட்டின் விலையைக் கேட்டுவிட்டு அப்பா அதை மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தார். இரண்டு விரலால் இழுத்துப் பார்த்தார். கடைக்காரர் பதறிவிட்டார். வெளியே வந்து அப்பா சொன்னார்: "நாம ஆசிட் ஊத்தி உறையவச்சு, அடிச்சு, புகை போட்டு, கிலோக் கணக்குல குடுக்கோம். அவன் நம்ம சரக்கை நமக்கே தோசை அளவுக்கு வெட்டி இந்த விலைக்குத் தாரான்." ஆனாலும் வாங்கிக்கொடுத்தார். அதற்கப்புறம் என் ரப்பர் தேய்ந்ததா என்று என்னைவிட அவர்தான் அடிக்கடி பார்ப்பார். ஈரக்காற்றில் அது வழுக்கும் என்று துணி சுற்றி வைத்ததும் அவர்தான்.

அம்மாவுக்கு நன்றி சொன்னால் முறைப்பார். சிரட்டையிலும் பட்டையிலும் ஒட்டிக் காய்ந்த பாலைப் பிய்த்துச் சேர்ப்பதற்கு ஒட்டுப்பால் என்று பெயர். அதை விற்ற காசு எங்கள் வீட்டில் அம்மாவுக்கு. என் போட்டி நுழைவுக் கட்டணம், கன்னியாகுமரி எக்ஸ்பிரஸ் டிக்கெட் எல்லாம் அந்தக் காசுதான். தை, மாசியில் இலையுதிர்ந்து வெட்டு நிற்கும். அந்த மாதங்களில் போட்டி வந்தால் அம்மா என்ன செய்தார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது, கேட்டால் சொல்லவும் மாட்டார். நசுங்கிய பந்தைக் கட்டன் சாயா போடும் வெந்நீரில் போட்டு உப்பவைத்துத் தருவார். ஒருநாள் அந்தத் தண்ணீரிலேயே சாயா போட்டு எல்லாரும் குடித்ததும் உண்டு.

கடைசி பஸ்ஸை வடசேரியில் எனக்காக நிறுத்தி வைத்த கண்டக்டர் அண்ணனுக்கும், சென்னையில் ஒற்றை அறை வீட்டில் கட்டிலை எனக்குக் கொடுத்துவிட்டுத் தரையில் படுத்த சித்திக்கும் நன்றி. ஒரு அணித் தேர்வில் என் பெயர் முதலில் பட்டியலில் இருந்தது, மறுநாள் காணாமல் போனது. அதை எழுதினால் இது புகார் மடல் ஆகிவிடும். அன்றைக்கு ரயில் ஏறும்வரை பக்கத்தில் உட்கார்ந்து ஒரு வார்த்தை பேசாமல் கடலை உரித்துக் கொடுத்த நாகர்கோவில் அக்காவைத்தான் எழுத வேண்டும். மாவட்டப் போட்டிகளில் என்னை ஏழு முறை தோற்கடித்தவர். எட்டாவது முறை நான் ஜெயித்தபோது, "இனி ரெண்டு பேரும் சேர்ந்து பழகுவோம், தனியா இருந்தா ரெண்டு பேரும் நாசமாப் போவோம்" என்றார். வாரத்தில் மூன்று நாள் அண்ணா விளையாட்டரங்கில் சந்தித்தோம். என் பலவீனம் எல்லாம் அவருக்குத் தெரியும், ஒன்றையும் வெளியே சொன்னதில்லை.

கல்யாணத்துக்கு அப்புறம், மகள் பிறந்ததற்கு அப்புறம், ஆட்டம் முடிந்தது என்றுதான் ஊர் நினைத்தது. மாமி, அதாவது என் மாமியார், நினைக்கவில்லை. 2014ல் செல்லுலாய்டு போய் பிளாஸ்டிக் பந்து வந்தது, சுழல் குறைந்தது, நான் எல்லாவற்றையும் மறுபடி பழக வேண்டியிருந்தது. மல்டிபால் என்று ஒரு பயிற்சி உண்டு. ஒருவர் கூடையில் நூறு பந்தை வைத்துக்கொண்டு மேலும் மேலும் போட்டுக்கொண்டே இருப்பார். பேட் பிடிக்கத் தெரியாத மாமி, பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு, கோழிக்கு அரிசி எறிகிற கையால் பந்து எறிந்தார். அடிக்காமல் விட்டால் திட்டுவார்.

2018ல் கோல்ட் கோஸ்ட் காமன்வெல்த்தில் மணிகா பத்ரா ஆடியதை மாமியும் நானும் ஒன்றாகப் பார்த்தோம். 2002லிருந்து சிங்கப்பூர் பெண்கள் யாருக்கும் விட்டுக்கொடுக்காத அணித் தங்கத்தை நம் பிள்ளைகள் பறித்தார்கள். ஒலிம்பிக் பதக்கம் வாங்கிய ஃபெங் தியான்வெயை மணிகா அணிப் போட்டியிலும் வீழ்த்தினார், ஒற்றையர் அரையிறுதியிலும் வீழ்த்தினார், கடைசியில் ஒற்றையர் தங்கமும் அவருக்கே. பேக்ஹேண்ட் பக்கம் என்ன ரப்பர்? லாங் பிம்பிள்ஸ்! நான் சோபாவிலிருந்து எழுந்து கத்தினேன். மாமிக்குக் காரணம் புரியவில்லை. "ஏமாத்து ரப்பர்" என்று சொன்ன ஒவ்வொருவர் வீட்டுக்கும் போய் டி.வி.யைப் போட்டுக்காட்ட வேண்டும் போல இருந்தது.

கடைசியாக, போன மாதம் மாவட்ட இறுதியில் என்னை 3-1 என்று தோற்கடித்த பதினாறு வயதுப் பிள்ளைக்கு. உன் பந்தைப் பார்த்ததும் என் கை அதை நோக்கிப் போனது, தோள் வரவில்லை மக்ளே. அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். ஆட்டம் முடிந்து கைகொடுத்துவிட்டு, "அக்கா, கட்டாகி வர்ற பந்து எனக்கு வரல, சொல்லித் தருவீங்களா" என்று கேட்டாயே. சனி, ஞாயிறு காலை ஏழு மணிக்கு வா. நான் இருப்பேன். அப்பாவும் வருவார். இப்போது வெட்டுக்குப் போவதில்லை, ஆனால் மணிக்கட்டு அப்படியே இருக்கிறது.

மருந்துக்கடை அண்ணே, நீங்கள் இப்போது எந்த நாட்டில் இருக்கிறீர்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. கடை இருந்த இடத்தில் செல்போன் கடை வந்துவிட்டது. போகும்போது "வச்சிரு, வந்து வாங்கிக்கிடுதேன்" என்று தந்த பேட் என்னிடம்தான் இருக்கிறது. பிம்பிள்ஸ் பாதி உதிர்ந்துவிட்டது, பிடியைக் கரையான் கொஞ்சம் தின்றுவிட்டது. புது ரப்பர் நான் ஒட்டவில்லை. நீங்கள் வந்து ஒட்டிக்கொள்ளுங்கள்.